பக்கத்து வளவுக்காரரின் கணக்கில் எழுதாதீர்கள்

கொழும்பை விட்டு வன்னியில் காணி எடுத்துப் போனவர்களுக்கும் போக இருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான நண்பர்களுக்கு,



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்குக் கொடுத்துவிட்டோ கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் ஓரிரண்டு ஏக்கரில் போய்க் குடியேறியிருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். உங்களில் ஓய்வூதியம் எடுத்தவர்கள் இருக்கிறீர்கள். லண்டனில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். முப்பது வயதில் வங்கி வேலையை விட்டுவிட்டு மண்வெட்டி பிடித்தவர்களும் இருக்கிறீர்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் காலி வீதியில் வரிசையில் நின்று களைத்தபோதுதான் உங்களில் பலருக்கு இந்த எண்ணம் உறுதிப்பட்டது. ஒரு துண்டு நிலமும் ஒரு கிணறும் இருந்தால் யாருடைய கையையும் பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தீர்கள். அந்த ஆண்டு ஜூனில் அரசாங்கமே தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தது.

நீங்கள் போனதில் எனக்கு மனநிறைவுதான். இப்போதும் வெள்ளவத்தையில் மாலையில் யாழ்ப்பாண பஸ்கள் வந்து நிற்கும்போது, பயணப் பைகளோடு நாற்றுத் தட்டுகளும் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களும் தும்புத்தூள் மூட்டைகளும் ஏறுவதைப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க மனம் குளிர்கிறது.

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. வெள்ளவத்தையில் அறை எடுத்துக் கந்தோருக்குப் போய்வந்த அந்தக் காலத்து ஆட்களில் எத்தனையோ பேர் லீவு போட்டு யாழ்தேவியில் ஏறிப் போய்க் கிளிநொச்சியில் வயல் செய்தார்கள். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்தவர்கள் காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் அந்தத் தோட்டங்களில் காசு விளைந்தது. இறக்குமதியைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது, ஆட்கள் கலைந்தார்கள்.

அவர்கள் உழைக்கப் போனவர்கள். நீங்களோ ஒரு கொள்கையோடு வாழப் போயிருக்கிறீர்கள். நான் எழுத வந்த விஷயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உங்களில் ஒருவர் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரின் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு பிடி யூரியாவும் தன் மண்ணில் விழக் கூடாது என்று இருக்கிறார். இன்னொருவர் வள்ளலார் வழியில் நிற்பவர். அவர் காணிக்குள் மச்சம் வரக் கூடாது. இளந்தம்பதி ஒன்று பாலும் தயிரும்கூட உயிர்வதை என்று விட்டுவிட்டது. ஒரு குடும்பம் ஞாயிறு தோறும் தறப்பாள் கட்டிச் செபக்கூட்டம் வைக்கிறது. மதமே வேண்டாம் என்று போனவர் அடுத்த காணியில் இருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் யோசித்து, படித்து, வீட்டாரோடு மல்லுக்கட்டித்தான் இந்த முடிவுகளுக்கு வந்திருக்கிறீர்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். தான் நம்புகிற ஒன்றுக்காகச் சம்பளத்தையும் குளிரூட்டிய அறையையும் விட்டுப் போவது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

ஆனால் உங்களுக்குள்ளும், உங்களுக்கும் ஊராருக்கும் இடையிலும் நடக்கிற சண்டைகள் என் காதுக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. கோழி உரித்த தண்ணீர் வாய்க்காலில் வந்ததென்று ஒரு சண்டை. செபக்கூட்டத்து மைக்குக்கு எதிராக ஒரு மனு. வைரவர் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாட்டுப் போட்டதற்குப் பொலிசில் ஒரு முறைப்பாடு. காட்டுப்பன்றிக்கு வலை கட்டினவரோடு பேச்சுவார்த்தை இல்லை. பசளை போடுகிறவரை 'மண்ணைக் கொல்கிறவன்' என்று சந்தையில் வைத்துச் சொல்லியிருக்கிறார் ஒருவர். இங்கே இரண்டு அங்குலக் கொங்கிறீட் சுவருக்கு அப்பால் நண்டு கொதிக்கும் வாசனையையும், மேல்மாடிப் பிள்ளையின் வயலின் பயிற்சியையும், எதிர்வீட்டு மணியோசையையும் வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டிருந்த நீங்கள், இரண்டு ஏக்கர் கிடைத்ததும் எப்படிப் பொறுமை இழந்தீர்கள்? நான் இதை யோசித்துப் பார்த்தேன். தொடர்மாடியில் எவரும் அந்தக் கட்டடம் முழுவதையும் தன் எண்ணப்படி ஆக்கிவிடலாம் என்று நினைப்பதில்லை. காணி கிடைத்தவுடன் அந்த நினைப்பு வந்துவிடுகிறது. வேலிக்குள் சரியென்று கண்டது வேலிக்கு வெளியேயும் நடக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

உங்களில் சிலருடைய காணிகளுக்கு நானும் போய் வந்திருக்கிறேன். ஒரு காலையில் ஒரு எல்லை வேலியருகே நின்றேன். இந்தப் பக்கம் சீமைக்கிளுவைக் கதியால், அதன் தழையை வெட்டிப் போட்ட மூடாக்கு, கத்தரியும் பயிற்றையும் கலந்த பாத்தி. அந்தப் பக்கம் மிளகாய். மிளகாய்க்காரர் முதுகில் மருந்து டாங்கியைக் கொழுவிக்கொண்டு, வாயை ஒரு துவாய்த் துண்டால் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கம்தான் வீசியது. காணிக்காரர் ஆத்திரத்தில் சத்தம் போட்டார். மிளகாய்க்காரர் ஒன்றும் பேசாமல் டாங்கியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பின்னேரம் நான் அவரைத் தேடிப் போய்க் கதைத்தேன். அவருடைய தகப்பன் கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்தவர். செய்கிற காணி குத்தகை. விதையும் பசளையும் மருந்தும் கடையில் கடன், காய் பறித்ததும் கட்ட வேண்டும். "இலை சுருண்டுச்சின்னா எல்லாம் போச்சுங்க ஐயா. அவருக்குச் செடி செத்தா மனசு நோகும். எனக்குச் செத்தா கடைக்காரன் வீட்டு வாசலுக்கு வந்துருவான்" என்றார்.

அவர் சொன்னதற்கு மேல் நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு கொள்கை நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். உங்கள் கத்தரி பூச்சி அரித்துப் போனாலும் வெள்ளவத்தை வீட்டு வாடகை மாதம் பிறந்ததும் வங்கிக்கு வந்துவிடும். அதனால்தான் நீங்கள் பூச்சியோடு பொறுமையாக இருக்கலாம். உங்களில் பலர் தலைமாட்டில் வைத்திருக்கும், ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு புகுவோகாவின் நூலிலேயே இது இருக்கிறது. தகப்பனுடைய தோடை மரங்களைக் கத்தரிக்காமல் இயற்கையின் பாட்டுக்கு விட்டதில் அவை நூற்றுக்கணக்கில் பட்டுப்போனதை அவரே எழுதியிருக்கிறார். தகப்பனின் தோட்டம் என்பதால் அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. குத்தகைக் காணியில் கடன் மிளகாய் நட்டவருக்கு அப்படி ஒரு பரீட்சை எழுத இடம் இல்லை.

இந்த நாடே அந்தப் பாடத்தை அண்மையில் படித்தது. பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று 2019 தேர்தலில் சொன்னவர்கள், 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளையை நிறுத்த முடிவெடுத்து மே மாதம் வர்த்தமானியில் போட்டார்கள். பத்து ஆண்டு வேலை பத்து நாளுக்குச் சுருங்கியது. அந்தக் காலபோகத்தில் வயலுக்குள் நின்றவர்களைக் கேளுங்கள், நெல் மஞ்சளாக நின்ற நிலையைச் சொல்வார்கள். நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது காலம் கடந்துவிட்டது. அறுவடை விழுந்தது, அரிசியை வெளியே வாங்க வேண்டி வந்தது. சேதனப் பசளையில் பிழை எதுவும் இல்லை. உங்களைப் போல நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் கொழும்பில் இருந்தவர்களின் நம்பிக்கைக்கு வயலில் இருந்தவர்களிடம் காசு வாங்கினார்கள். அதன் பிறகு எந்தக் கமக்காரரிடமும் போய் 'இயற்கை' என்று வாயெடுக்க முடியாமல் போனது. நீங்கள் இருபது வருடம் உழைத்துக் காட்டியிருக்கக்கூடிய ஒன்றை ஒரு வர்த்தமானி ஏழு மாதத்தில் கெட்ட பெயர் ஆக்கிவிட்டது. பக்கத்து வளவுக்காரரைச் சந்தையில் வைத்துத் திட்டுகிறவரும் சிறிய அளவில் அதையேதான் செய்கிறார்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கடுமையான மனவருத்தம் உண்டு. உங்களில் ஒருவருடைய காணியில் களை பிடுங்க வந்த ஒரு அம்மா, மத்தியான வெயிலில் கேற்றுக்கு வெளியே பாலை மரத்தடியில் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சோற்றுப் பார்சலில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. காணிக்குள் மச்சம் கூடாது என்பது அங்கே விதி. கையில் மண் காயாமல், குடிக்கத் தண்ணீருக்கும் உள்ளே வர வேண்டிய நிலையில், விதிக்கு மதிப்புக் கொடுத்து அவர் வெளியே இருந்தார். ஜீவகாருண்யம் என்ற பெரிய சொல்லுக்கு வள்ளலார் முதலில் வைத்த பொருள் பசித்தவருக்குச் சோறு போடுவது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய அடுப்பு அதற்காகத்தான் இன்றும் எரிகிறது.

காந்தியின் பண்ணைகளைப் பற்றி நாம் எல்லோரும் பேசுகிறோம். அங்கே சமையலறை எப்படி நடந்தது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 1910இல் ஜொகான்னஸ்பேர்க்குக்கு வெளியே, ஹெர்மன் காலன்பாக் என்ற யூத நண்பர் கொடுத்த சுமார் 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களுடைய குடும்பங்கள் தங்குவதற்கான இடம் அது. தமிழர்கள் அங்கே நிறையப் பேர். தம்பி நாயுடு அங்கே சுகாதாரத்தையும் சந்தை வேலையையும் பார்த்தார். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் எல்லோரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட வேண்டும். காந்தியோ மரக்கறி உணவில் உயிரையே வைத்திருந்தவர். அப்போது அவர் தனக்குள் எடுத்த முடிவைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்: கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மாட்டிறைச்சி கேட்டாலும் அதைக் கொடுப்பது தன் கடமை. தன் நம்பிக்கைக்காக அவர்களைப் பட்டினி போடவோ பண்ணைக்கு வர விடாமல் செய்யவோ தனக்கு உரிமை இல்லை. அதன் பிறகுதான் போய்க் கேட்டார். கேட்கப்பட்டவர்கள் தாங்களாகவே மரக்கறிக்குச் சம்மதித்தார்கள். றமழான் வந்தபோது முஸ்லிம் பிள்ளைகளை நோன்பு பிடிக்கச் சொன்னதோடு, மற்றப் பிள்ளைகளையும் அவர்களோடு சேர்ந்து நோன்பிருக்க ஊக்கப்படுத்தினார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கொடுக்கத் தயாரானார், பிறகு கேட்டார். மாட்டிறைச்சி சமைக்கும் வேதனையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டுதான் மற்றவர் வாசலில் போய் நின்றார். மறுக்க இடம் இருந்ததால் சம்மதத்துக்கு மதிப்பு இருந்தது. பண்ணை கேற்றில் 'மச்சம் தடை' என்று பலகை தொங்கியிருந்தால் அந்தச் சம்மதம் வெறும் கீழ்ப்படிதலாகிப் போயிருக்கும்.

இனி நம் மண்ணிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் காணி வாங்கியிருக்கும் பகுதிகளில் நடந்தது. உங்களில் இளையவர்கள் பலருக்குத் தெரியாது என்பதை நான் பேசிப் பார்த்து அறிந்துகொண்டேன்.

கரம்பனில் 1924இல் பிறந்த சாலமன் அருளானந்தம் டேவிட் ஒரு கட்டடக் கலைஞர். மெல்பேணில் படித்தவர், கென்யாவில் நகரத் திட்டமிடல் வேலை செய்தவர். நினைத்திருந்தால் கொழும்பு ஏழில் மாளிகை கட்டி இருந்திருக்கலாம். திருமணம் செய்யாமல், கொழும்பு வை.எம்.சி.ஏ. விடுதி அறையில் தங்கி வாழ்ந்தார். வவுனியாவில் வைத்தியராக இருந்த இராஜசுந்தரமும் அவரும் சேர்ந்து எழுபதுகளில் காந்தியம் என்ற அமைப்பை நடத்தினார்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கு வந்து குவிந்தபோது, அவர்களைக் காணியில் இருத்தியவர்கள் இவர்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பாலர் பாடசாலை வைத்தார்கள், பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்து மட்டும் பழகிய கைகளுக்கு வயல் வேலை பழக்கினார்கள். கிறிஸ்தவப் பெயர் தாங்கிய ஒருவர் காந்தியின் பெயரில் நடத்திய பண்ணைக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டவை. மூன்றும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

1983 ஏப்ரலில் இருவரையும் கைது செய்தார்கள். அந்த ஜூலையில், நான் இருக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து சில மைல் தூரத்தில், வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இராஜசுந்தரம் இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களில் ஒருவர். தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அந்தச் செப்டெம்பரில் சிறையுடைப்பில் வெளியேறி, இந்தியாவில் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். 2015இல் திரும்பி வந்து அந்த ஆண்டு ஒக்டோபரில் கிளிநொச்சியில் கண் மூடினார். தாங்கள் நம்பியதன் விலையை அவர்கள் இருவரும் தங்கள் உடம்பாலேயே கொடுத்தார்கள். குடியேற வந்த ஒரு குடும்பத்திடமும் வாங்கவில்லை.

அந்தக் காணிகளுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லி நிறுத்துவது நேர்மை ஆகாது. மலையகக் குடும்பங்கள் இருந்த கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகியவற்றிலிருந்து 1984இல் அவர்களை வெளியேற்றினார்கள். அங்கே சிங்களக் கைதிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் கொண்டுவந்து இருத்தியது அரசு. 1984 நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கே புகுந்து 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். செத்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்த் தமிழ் மக்கள் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள். 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்கள் வடக்கிலிருந்த மற்ற எல்லா முஸ்லிம்களோடும் துரத்தப்பட்டார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்கள் இன்று உங்களோடு ஒரே சந்தைக்கு வருகிறார்கள்.

நீங்கள் வாங்கிய காணி வெறும் காடாக இருந்தது என்று தரகர் சொல்லியிருப்பார். வன்னியில் வெறும் காடு என்று எதுவும் இல்லை. யாரோ வெட்டியது, யாரோ விட்டுப் போனது, யாரையோ துரத்தியது. அமைதியாக, எளிமையாக வாழலாம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் அத்தனை அமைதியான இடம் அல்ல. அதனால்தான் உங்களிடம் மற்ற எவரையும் விடக் கூடுதலான பொறுமையை எதிர்பார்க்கிறேன்.

சகிப்பு என்றதும் நகரத்தில் இருப்பவன் நாட்டுப்புறத்தில் இருப்பவருக்குப் போதிக்கிறான் என்று எண்ண வேண்டாம். நான் வளர்ந்த கொட்டாஞ்சேனைக்கும் அது சும்மா வரவில்லை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராம விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் சாந்த லூசியா பேராலயப் பக்கம் வந்தபோது கத்தோலிக்கர்கள் அதை மறித்துத் தாக்கினார்கள். பிரித்தானியர் காலத்து இலங்கையின் முதல் மதக் கலவரம் எங்கள் தெருக்களில்தான் நடந்தது. அதன் தொடர்ச்சியாகப் பௌத்தர்கள் தங்களுக்குத் துணைநின்ற ஒல்கொட் துரையை லண்டனுக்கு அனுப்பி முறையிட்டார்கள். 1885இல் வெசாக் பொது விடுமுறை ஆனது. யாரும் யாரையும் மதம் மாற்றி அந்தச் சண்டையைத் தீர்க்கவில்லை. ஊர்வலம் எந்த நேரத்தில் எந்த வீதியால் போவது, யாருடைய திருநாளில் யார் மேளத்தை நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பேசித்தான் இங்கே வாழப் பழகினோம். இன்று பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் மெழுகுதிரி கொளுத்துகிறார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி அந்தக் கோயிலில் குண்டு வெடித்தபோது ஜம்பட்டா வீதி முழுவதும் இழவு வீடானது. எவருக்குச் செத்தது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு முஸ்லிம் கடைக்காரர்கள் மீது சந்தேகக் கண் விழுந்ததும் உண்மை. அந்தப் பார்வையை மாற்ற எங்களில் சிலர் வேண்டுமென்றே அந்தக் கடைகளுக்குப் போய்ச் சாமான் வாங்கினோம். இன்றைக்கும் அது முடிந்த வேலை இல்லை.

எதையும் பொறுத்துப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கிணற்றடியில் சாதி பார்க்கிறவனின் பழக்கம் எனக்குக் கொள்கையே இல்லை. அதை எதிர்த்துச் சண்டை பிடியுங்கள், தேவையானால் தனியாக நின்றும் பிடியுங்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்று சொல்லும் வாய் உங்கள் வீட்டுக்குள் இருந்தால், பக்கத்துக் காணியின் பூச்சிமருந்தைப் பற்றிப் பேசும் முன் அந்த வாயைத் திருத்துங்கள். காற்றில் வரும் மருந்து உங்கள் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறதென்றால் அதையும் பேசியே ஆக வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் என் கருத்து இருக்கிறது. மிளகாய்க்காரரிடம் போய், "உங்கள் வேலியோர மூன்று வரிக்கு மருந்தடிக்காமல் விடுங்கள். அந்த மூன்று வரியில் எவ்வளவு குறைகிறதோ அந்தக் காசை நான் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் பக்கத்து எல்லையில் இரண்டு வரி சோளம் நெருக்கமாகப் போடுங்கள், உங்கள் நிலத்தில் போடுங்கள். காற்று அடங்கிய விடியற்காலையில் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டப்பகலில் அடிப்பதை விட அவருக்கும் அதுதான் நல்லது. அவருக்கு ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். உங்கள் வேப்பங்கொட்டைக் கரைசல் வேலை செய்கிறதென்றால் இரண்டு போகம் கழித்து அவரே வந்து கேட்பார். வேலை செய்யவில்லை என்றால் உங்களுக்கே அது தெரியவரும். பன்றி வலைக்காரரிடமும் அப்படியே. பன்றியைக் கொல்ல வேண்டாம் என்று சொல்லுகிற உரிமை உங்களுக்கு வர வேண்டுமானால், அவருடைய மரவள்ளிப் பாத்தியைச் சுற்றி வேலி அடைப்பதற்கு ஒரு பங்கு நீங்கள் போட வேண்டும். சுருக்கு வலையில் நாயும் மாடும் சிக்குவதைக் காட்டினால் அவரும் கேட்பார். நான் கண்ட வரையில் நல்லது கெட்டது அவருக்கும் தெரியும். கையில் காசு இல்லாததுதான் அவருடைய குறை.

வாடகை வருமானமோ ஓய்வூதியமோ இல்லாமல் போனவர்களும் உங்களில் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் காசு கேட்கவில்லை. உங்களுக்கு ஊரில் கொடுக்க நேரம் இருக்கிறது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு உங்களில் மிகச் சிலரே போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வயல் செய்யவில்லை, கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறோம் என்பது காரணம். உங்கள் கிணற்றில் ஆவணியிலும் தண்ணீர் நிற்பது பக்கத்துக் குளத்தில் தேங்கும் தண்ணீர் ஊறுவதால். காலபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கும் நாளில் மண்வெட்டியோடு போய் நில்லுங்கள். பசளை போடுகிறவரும் போடாதவரும், சபைக்குப் போகிறவரும் வைரவருக்கு மடை பரவுகிறவரும் ஒரே சேற்றில் நிற்கும் ஒரே நாள் அது. அங்கே எவரும் உங்கள் தத்துவத்தைக் கேட்க மாட்டார்கள். எத்தனை முழம் வெட்டினீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். 1958இல் ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியர் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவவுக்குப் போனார். ஊரே ஒதுக்கி வைத்திருந்த ரொடியாச் சாதி மக்களின் கிராமம் அது. அந்த மக்களோடு சேர்ந்து கிணறு வெட்டியதிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. பேச்சு பிறகு வந்தது.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான ஒன்று. உங்களில் சிலர் வாங்கியிருக்கும் அல்லது பரம்பரையாகக் கிடைத்திருக்கும் காணிகளில் வேறு குடும்பங்கள் இருக்கின்றன. கொழும்பிலோ கனடாவிலோ இருந்த உரிமையாளர்கள் பார்க்காமல் விட்டிருந்த காலத்தில் அவர்கள் காட்டை வெட்டி, கிணறு கட்டி, தென்னை வைத்து, பிள்ளை பெற்று, போரில் ஓடி, திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி குடிசை போட்டவர்கள். கிளிநொச்சி பன்னங்கண்டியில் தனியார் காணிகளில் நீண்ட காலம் குடியிருந்த குடும்பங்கள் 2017இல் காணி உரிமை கேட்டுத் தொடர் போராட்டத்தில் இருந்தது பத்திரிகைகளில் வந்தது. உறுதி இல்லாததால் வீட்டுத்திட்டமும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை என்பதுதான் அவர்களுடைய முறைப்பாடு. உங்கள் பெயரில் உறுதி இருப்பதால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கலாம். குறைவாகப் போதும், தேவைக்கு மேல் வேண்டாம் என்பதுதானே நீங்கள் ஊருக்குப் போனதன் பொருள்? அப்படியானால் அந்த வீடும் கிணறும் தென்னையும் இருக்கிற துண்டை அளந்து அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். உறுதிக் காணி என்றால் நில அளவையாளரைக் கூப்பிட்டுப் படம் கீறி நொத்தாரிசிடம் போகலாம். பேமிற் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது; விண்ணப்பத்தை அவர்களுக்காக நீங்கள் எழுதி, கந்தோருக்குக் கூடப் போய், கிடைக்கும் வரை நில்லுங்கள். அளவைக் கூலியும் நொத்தாரிசு கட்டணமும் முத்திரைத் தீர்வையும் உங்கள் செலவாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அயலவர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13